எங்க வீட்டுக்கு ஒரு மேப்பிள்

எங்கள் பிரிவுத் தலைவர் ஒகிட்சு ஓய்வு பெறுகிறார் என்ற சுற்றறிக்கையை நான்தான் எழுதினேன். வழக்கப்படி அதை ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டியது பிரிவுத் தலைவருக்கு. அதாவது ஒகிட்சுவுக்கே. மறுநாள் காலை அது என் மேசைக்குத் திரும்பி வந்தது. மூன்று காற்புள்ளிகளைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார். “ஆழ்ந்த வருத்தத்துடன் விடைகொடுக்கிறோம்” என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: “நான் ஓய்வுதான் பெறுகிறேன்.”

நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் பதினோரு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, எத்தனை வீட்டில் தண்ணீர் நின்றது என்று நான் எழுதும் எந்த அறிக்கையும் சிவப்புப் படாமல் திரும்பியதில்லை. திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டி, “இன்னொரு தடவை பாருங்க, இசோபே” என்பார். அதற்குத் திட்டே மேல்.

மார்ச் கடைசியில் விடைகொடுப்பு விருந்து. என்ன பரிசு கொடுப்பது என்று பிரிவில் பேச்சு வந்தது. கைக்கடிகாரம் என்றார் ஒருவர். வெந்நீர் ஊற்று விடுதிக்குச் சீட்டு என்றார் இன்னொருவர். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“அவர் மேசையில இருக்கிற நாள்காட்டியப் பாத்திருக்கீங்களா? பன்னிரண்டு மாசமும் போன்சாய்தான். அதுலயும் முக்கால்வாசி மேப்பிள்” என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மரம் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மரம் வரக் கார் வேண்டும் என்பதால் மோரிவாகியும் என்னோடு சேர்க்கப்பட்டார். மோரிவாகி குழாய்க் கசிவு பார்க்கத் தெருத் தெருவாகப் போகிறவர். வயது நாற்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. எனக்கு நாற்பத்து நான்கு. ஒரு முறை கல்யாணம் செய்து, அதைத் திருத்திக்கொண்டவள்.

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை காலை ஓமியாவுக்குப் போனோம். அங்கே போன்சாய்த் தோட்டங்கள் வரிசையாக இருக்கும் தெருவில், மூங்கில் வேலி போட்ட சின்னத் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்தோம். வடக்கே மலையிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. பலகைகளின் மேல் தொட்டி தொட்டியாக மேப்பிள் மரங்கள். ஒன்றிலும் ஒரு இலை இல்லை.

மோரிவாகி என் காதருகே, “எல்லாம் செத்துப்போச்சா?” என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

பாசியிலிருந்து சாமணத்தால் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தார். கழுத்தில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். தோட்டத்துச் சொந்தக்காரி சிராகி.

“தூங்குதுங்க” என்றார். “நீங்க தூங்கறப்போ யாராவது வந்து செத்துட்டாரான்னு கேட்டா நல்லாவா இருக்கும்?”

“எங்க ஆஃபீஸ்ல மத்தியானம் தினமும் கேக்கறாங்க” என்றார் மோரிவாகி.

எனக்குக் கவலை வந்துவிட்டது. இருபத்தொரு பேர் பணம் போட்டு, கடைசியில் குச்சிகளை நட்ட தொட்டி ஒன்றை நீட்டினால் எப்படி இருக்கும்? “சிவப்பு இலையோட ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டேன்.

“அதுக்கு நவம்பர்ல வந்திருக்கணும். நவம்பர்ல வர்றவங்க இலையத்தான் வாங்கிட்டுப் போறாங்க. மரத்த வாங்கணும்னா இப்போதான். மறைக்கறதுக்கு அதுங்ககிட்ட ஒண்ணும் இல்ல. குனிஞ்சு பாருங்க, கண்ணு தொட்டி உயரத்துக்கு வரணும். நின்னு பாத்தா எல்லாமே துடைப்பம் மாதிரிதான் தெரியும்.”

குனிந்தோம். மோரிவாகியின் முழங்கால் சத்தம் போட்டது.

“யாருக்கு வாங்கறீங்க?”

“எங்க தலைவருக்கு” என்றேன். “எதக் கொடுத்தாலும் அதுல ஒரு தப்பக் கண்டுபிடிப்பார்.”

“அப்போ தப்பே இல்லாத மரம் வேணும்.”

“இருக்கா?”

“இல்ல. இருந்தா நான் விக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி பாசிக்குத் திரும்பினார் சிராகி.

அப்போதுதான் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. கம்பளித் தொப்பி, தொளதொள கால்சட்டை, கக்கத்தில் மெல்லிய நீலத் திண்டு ஒன்று. உள்ளே வந்த மனிதரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஏனென்றால் கழுத்தில் டை இல்லாத ஒகிட்சுவை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

“சிராகி சான், ராத்திரி பனி விழுந்துச்சே, பாசி…” என்று ஆரம்பித்தவர் எங்களைப் பார்த்து நின்றார். “இசோபே? மோரிவாகி? நீங்க எங்க இங்க?”

நான் மோரிவாகியைப் பார்த்தேன். மோரிவாகி ஒரு மரத்தைப் பார்த்தார். மரம் உதவவில்லை.

“வீட்டுக்கு… ஒரு மரம் வாங்கலாம்னு, சார்” என்றார்.

“யார் வீட்டுக்கு?”

“எங்க வீட்டுக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான், எங்கள் இருவருக்கும் ஒரே வீடு என்று ஆகிவிட்டது அவருக்கே உறைத்தது. அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். ஒகிட்சு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

“ஆகா” என்றார்.

சிராகி கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் யாருக்கும் வியர்க்காது. சிரிப்பை மறைக்கிறார் என்று தெரிந்தது.

உண்மையைச் சொன்னால் பரிசின் ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் என் மானம் போய்விடும். இருபத்தொரு பேரை நினைத்து மானத்தை விட்டேன். “ஆமா சார்” என்றேன்.

ஒகிட்சு சந்தோஷப்பட்டால் எப்படி இருப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று குரலைத் தாழ்த்தினார். “நீங்களா சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. சரி, எந்த மரம் பாத்தீங்க? காட்டுங்க.”

மோரிவாகி தடித்த அடிமரம் கொண்ட ஒன்றைக் காட்டினார். ஒகிட்சு திண்டைத் தரையில் போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றிப் பார்த்தார்.

“அடிமரம் நல்லா இருக்கு. ஆனா இந்த ரெண்டு கிளையும் பாருங்க. ஒரே உயரத்துல எதிரெதிரா நீட்டிக்கிட்டு, டிராஃபிக் போலீஸ் மாதிரி. தினமும் காலையில உங்கள வாசல்லயே நிறுத்தி வைக்கும்.”

நான் ஒல்லியாக வளைந்து நின்ற ஒன்றைக் காட்டினேன். எனக்கு அது பிடித்திருந்தது.

“கிளைய வளைக்கக் கம்பி சுத்தினவங்க நேரத்துக்கு எடுக்க மறந்துட்டாங்க. பட்டையில தழும்பு பாருங்க, திருகாணி மாதிரி. கவனமில்லாம செஞ்ச வேலை. உங்க டிசம்பர் அறிக்கைதான் ஞாபகம் வருது, இசோபே.”

சனிக்கிழமையும் விடமாட்டார் என்று எனக்குள் பொருமிக்கொண்டேன். மோரிவாகி வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். அடுத்து நான் காட்டியதற்கு வேர் ஒரு பக்கம் மட்டும் ஓடியிருந்ததாம். அதற்கடுத்ததில் உச்சி தனியாக எங்கோ போகிறதாம். இப்படி ஆறு மரம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன.

வரிசையின் கடைசியில், தனிப் பலகையில், ஒரு முழ உயரத்தில் ஒரு மரம் இருந்தது. ஒகிட்சு அதன் முன்னால் வந்ததும் திண்டைப் போட்டு உட்கார்ந்தார். நானும் குனிந்தேன். அடியிலிருந்து வேர்கள் நாலா பக்கமும் பரந்து, கால்விரல்களைப் போல மண்ணைக் கவ்வியிருந்தன. தண்டு கொஞ்சம் இடது பக்கம் போய், யோசித்து, வலது பக்கம் திரும்பியிருந்தது. கிளைகள் பிரிந்து பிரிந்து நூலாகி, ஒவ்வொரு நூலின் முனையிலும் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு மொட்டு. குச்சி என்று நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் பழிவாங்கும் ஆசை போகவில்லை. சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்தேன். அடிமரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து.

“பின்னாடி பொந்து இருக்கே, சார்.”

“அது இருக்கட்டும்” என்றார் ஒகிட்சு.

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ‘இருக்கட்டும்’ அது.

“நாலு வருஷமா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்து இதப் பாத்துட்டுப் போறார்” என்றார் சிராகி, களை பிடுங்கியபடியே. “வாங்கறதும் இல்ல, வேற யாரையும் வாங்க விடறதும் இல்ல. யாராவது கிட்ட வந்தா அந்தப் பொந்தக் காட்டிப் பயமுறுத்தி அனுப்பிடுவார்.”

“ஒரே ஒரு தடவைதான் அப்படிச் செஞ்சேன்” என்றார் ஒகிட்சு.

“மூணு.”

அவர் கொஞ்ச நேரம் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: “வீட்டு பால்கனியில ஏற்கெனவே பதினாலு தொட்டி இருக்கு. துணி காயப்போட இடம் இல்லன்னு வீட்டம்மா சொன்னா. இனிமே ஒண்ணுகூட வாங்கமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். பாக்கறதுக்கு வாக்கு எதுவும் கொடுக்கல.” நிறுத்தி, தொட்டியின் விளிம்பிலிருந்த ஒரு மண் துகளைச் சுண்டிவிட்டார். “நீங்க இத எடுத்துக்கோங்க. யாரோ தெரியாதவங்க வாங்கிட்டுப் போறதுக்குப் பதிலா, உங்க வீட்டுல இருந்தா எனக்கு நிம்மதி.”

“சார், இது உங்க மரம்” என்றேன்.

“இல்ல. நான் பாத்தேன், அவ்வளவுதான். கோடையில மத்தியான வெயில் படாம வைங்க. ஒரு நாள்கூடத் தண்ணி மறக்காதீங்க. குடிநீர்ப் பிரிவுல வேலை செஞ்சுட்டு மரத்துக்குத் தண்ணி ஊத்தலன்னு பேர் வாங்காதீங்க. இலை விடறப்போ ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க, போதும்.”

எந்த மரத்தை வாங்குவது என்ற கேள்வி முடிந்துவிட்டது. விலையைக் கேட்டபோது சிராகி எங்கள் கைப்பணத்துக்குள் அடங்குமாறு ஒரு தொகையைச் சொன்னார். இன்னும் குளிர் விடவில்லை, மார்ச் கடைசி வரை இங்கேயே இருக்கட்டும் என்று, ஒரு மரச்சீட்டில் பெயர் எழுதித் தொட்டியில் கட்டப் போனார்.

“மோரிவாகின்னு மட்டும் எழுதாதீங்க” என்றார் ஒகிட்சு. “ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க.”

சிராகி துண்டை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோனார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டேன்: “எங்க வீட்டுக்குன்னு ஏன் சொன்னீங்க?”

“என் வீட்டுக்குன்னுதான் சொல்ல வந்தேன். நாக்கு வழுக்கிடுச்சு.”

“ஒரு எழுத்து மாறினாக்கூட விடாத மனுஷன், இன்னிக்குப் பாத்து விட்டுட்டாரு.”

“அவருக்கு அதுல திருத்த ஒண்ணும் தெரியல போல” என்றார் மோரிவாகி. வண்டியைக் கிளப்ப மூன்று முறை முயன்றார். சாவியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் பெரும் பாடு. ஒகிட்சு வாக்குத் தவறாமல் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கும் விதம் இருக்கிறதே, அது ஊரைக் கூட்டிச் சொல்வதைவிட மோசம். என் கசிவு அறிக்கை ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. மதிய உணவு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே, “இசோபே, நீங்க போலாம். மோரிவாகி, நீங்களும்” என்பார். நகராட்சிக் குடும்பக் குடியிருப்பு பற்றிய விளக்கத்தாள் ஒன்று நான்காக மடித்து என் கோப்புக்குள் இருந்தது. கையெழுத்து இல்லை. ஆனால் அச்சுப்பிழை ஒன்றைச் சிவப்புப் பென்சிலால் திருத்தியிருந்தார்கள்.

“எனக்கும் ஒண்ணு வந்துச்சு” என்றார் மோரிவாகி. “மூணாவது மாடி காலியா இருக்காம். காத்தோட்டமா இருக்குமாம்.”

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“விசாரிச்சேன். சும்மா.”

எனக்குள் இன்னொரு முள்ளும் உறுத்திக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காக ஒரு மனிதர் நான்கு வருடம் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் போய் அதே மரத்தை அந்த வீட்டில் இறக்கினால் என்ன ஆகும்? ஒரு மதியம் அவர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது அவர் மனைவிக்குத் தொலைபேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு சிரிப்பு.

“நூலகத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவார், இசோபே சான். திரும்பி வர்றப்போ கால்சட்டை முட்டியில பாசி ஒட்டியிருக்கும். எந்த நூலகத்துல பாசி வளருது? ஒரு நாள் அந்தத் திண்ட நான்தான் தைச்சுக் கொடுத்தேன். எதுக்குன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.”

“அப்போ… உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?”

“அவர் ஆஃபீஸ்ல உக்காந்து காற்புள்ளி அடிச்சிட்டிருந்த இத்தனை வருஷமும் அந்தப் பதினாலு தொட்டிக்கும் மத்தியானத் தண்ணி ஊத்தினது யாரு? நான். கோடையில ஊருக்குக்கூடப் போக முடியல. அதான் வேணாம்னேன். இனிமே அவர் வீட்டுலதானே இருக்கப் போறார்? அவர் மரத்துக்கு அவரே ஊத்தட்டும். ஆனா ஒரு நிபந்தனை. துணி துவைக்கிறதும் அவர் வேலை. எங்க காயப்போடறதுன்னு அவரே இடம் கண்டுபிடிக்கட்டும்.”

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மாடியில்தான் விருந்து. மோரிவாகி காலையிலேயே போய் மரத்தைக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடியிருந்தார். பேச்சுகள் முடிந்தன. நான் துணியை எடுத்தேன்.

ஒரு மாதத்தில் மொட்டுகள் உடைந்திருந்தன. கிளை முனைகளில், மடித்த விசிறியைப் போலச் சின்னச் சின்னச் சிவப்புத் தளிர்கள், இன்னும் முழுசாக விரியாமல். மாடியில் இருந்த எல்லோரும் “ஓ” என்றார்கள். ஒகிட்சு எழுந்தார். கிட்டே வந்து நின்றார். தொட்டியில் தொங்கிய மரச்சீட்டைப் பார்த்தார். அதை அவிழ்க்க மோரிவாகி மறந்திருந்தார். ‘மோரிவாகி, இசோபே’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததை முன்வரிசையில் இருந்தவர்களும் படித்தார்கள். பின்வரிசைக்கு அவர்கள் சொன்னார்கள்.

“இது உங்க வீட்டு மரமாச்சே” என்றார் ஒகிட்சு.

“இல்ல சார்” என்றார் மோரிவாகி. “அன்னிக்கு நாங்க உங்களுக்குத்தான் வாங்க வந்தோம். நீங்க திடீர்னு வந்து நின்னுட்டீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல.”

“அப்போ கல்யாணம்?”

முன்வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது.

“அத நாங்க எழுதல சார்” என்றேன். “அது நீங்க சேர்த்த திருத்தம்.”

மாடி சிரிப்பில் அதிர்ந்தது. ஒகிட்சு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

“வீட்டுல…” என்று இழுத்தார்.

“ஒப்புதல் வாங்கியாச்சு. இனிமே துணி துவைக்கிறது உங்க வேலையாம்.”

அவர் அதை ஒரு அரசாணையைப் படிப்பதுபோல யோசித்தார். “காயப்போடறதும்?”

“அதுவும்.”

“சரி” என்றார். பிறகு மரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவர் சொல்லவேண்டிய நன்றியுரையை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மோரிவாகி காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். குலுங்கும், வேண்டாம் என்று ஒகிட்சு ரயிலில்தான் கிளம்பினார். மரத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பக்கமும் காவல். எதிரில் இருந்த ஒரு அம்மா குனிந்து பார்த்து, அழகாக இருக்கிறதே என்றார். யாரோடும் தேவைக்குமேல் பேசாத ஒகிட்சு, அடுத்த நான்கு நிலையங்களுக்கும் அந்த அம்மாவை விடவில்லை. பொந்தைக்கூடத் திருப்பிக் காட்டினார். அந்த அம்மா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அவருடைய நிலையத்து வாசலில் மனைவி காத்திருந்தார். கணவரைப் பார்க்கவில்லை. குனிந்து மரத்தைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓ, நீதானா அது?” என்றார். “நாலு வருஷமா என் புருஷனச் சனிக்கிழமை சனிக்கிழமையா வச்சிருந்தது?”

ஒகிட்சு காது வரை சிவந்தார். இருவரும் மரத்தை நடுவில் வைத்து மெதுவாக நடந்து போனார்கள். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று அவர் மனைவிக்கு விளக்கிக்கொண்டே போனது கொஞ்ச தூரம் வரை கேட்டது.

திரும்பும் ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. விருந்தில் பதற்றத்தில் நாங்கள் இருவருமே எதையும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ரயில் நடைமேடையிலேயே நின்றுகொண்டு சாப்பிடும் நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தோம். நூடுல்ஸ் குழைந்திருந்தது, சாறு உப்புக் கரித்தது. இருவரும் கிண்ணத்தை வழித்துவிட்டோம்.

“என் வீட்டுல ஒரு ஆமை இருக்கு” என்றார் மோரிவாகி, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. “ஞாயித்துக்கிழமை பாக்க வர்றீங்களா?”

ஒரு பெண்ணைக் கூப்பிட நாற்பத்தேழு வயது மனிதருக்குக் கிடைத்த காரணம் இதுதான்.

“கடிக்குமா?”

“கடிக்காது. ஆனா எதுக்கும் ரொம்ப நேரம் யோசிக்கும்.”

“அப்போ எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்” என்றேன்.

ரயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆமை என்னைப் பார்க்க ஓட்டிலிருந்து தலையை நீட்ட முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதுவரை மோரிவாகி நான்கு முறை தேநீர் போட்டுக் கொடுத்தார்.